கதவு திறந்துதான் இருந்தது

சென்ற மாதம் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒரு வாக்குவாதம். பொருளியல் துறை நண்பர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "முஸ்லிம் நாடுகள் ஏன் பணக்கார நாடுகளை எட்டிப் பிடிக்கவில்லை என்பதில் என்ன மர்மம் இருக்கிறது சார்? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். வணிகத்துக்குத் திறந்துவிட்டவன் பிழைத்தான்" என்றார். அருகிலிருந்த இன்னொருவர், சாத்தச் சொன்னது மதம்தான் என்று ஒரு வரி சேர்த்தார். நான் வாய் திறக்கவில்லை. பொருளியல் என் துறையன்று. தமிழ் முதுகலை படித்து, பதினெட்டு ஆண்டுகளாகச் சங்க இலக்கியமும் இலக்கணமும் கற்பித்து வருகிறவன். ஆனால் அந்த வாரக் கடைசியில் என் மாணவி ஒருத்தியின் தமக்கை திருமணத்துக்காகக் கொல்லிமலைக்குப் போக நேர்ந்தது. அறையில் சொல்லத் தெரியாமல் விழுங்கிய பதில் அங்கே எனக்குக் கிடைத்தது. அதை எழுதிப் பார்க்கிறேன்.

கொல்லிமலை என்றால் நம்மில் பெரும்பாலோர்க்கு வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும்தான் நினைவுக்கு வரும். வகுப்பறையில் நானும் அந்த எல்லையைத் தாண்டியதில்லை. இப்போது போகிறவர்களுக்கு அது எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஆகாயகங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில். வளைவுகளில் ஏறும்போது எதிரே என்ன இறங்குகிறது, நம்மோடு என்ன ஏறுகிறது என்று கவனித்துப் பாருங்கள். மரவள்ளிக்கிழங்கு, மிளகு, காப்பிக்கொட்டை, அன்னாசி, பலா, வாழைத்தார் இறங்குகின்றன. சிமெண்ட், சோப்பு, ரேஷன் அரிசி, கைப்பேசி, பிஸ்கட் ஏறுகின்றன. விளைந்தது விளைந்தபடியே இறங்குகிறது. ஏறுவது எல்லாம் எங்கோ செய்து முடித்த பொருள். இந்தப் பாதை அறுபதுகளில் போடப்பட்டது. அன்றிலிருந்து மலையின் கதவு அகலத் திறந்துதான் இருக்கிறது. மலையாளிப் பழங்குடியினரின் வருமானம் மட்டும் அடிவாரத்து வருமானத்தோடு இன்னும் சேரவில்லை. இந்த மலையில் இஸ்லாத்தின் மீது பழிபோட வழியில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாணவியின் தந்தை திண்ணையில் என்னோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மலையின் மேற்பரப்பிலிருந்த பாக்சைட்டை வெட்டி, லாரி லாரியாகக் கீழே கொண்டுபோன காலத்தை அவர் நேரில் பார்த்தவர். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை அது நடந்தது. மண் போன இடம் மேட்டூர் அலுமினிய ஆலை. ஏன் மேட்டூர்? அங்கே அணை இருந்தது. அணையால் மின்சாரம் இருந்தது. நான்கைந்து டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினா, அதிலிருந்து ஒரு டன் அலுமினியம். அந்த ஒரு டன்னை உருக்கிப் பிரிக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். பாக்சைட் டன் ஒன்று உலகச் சந்தையில் சில பத்து டாலர்தான். அலுமினியம் டன் ஒன்று 2,000 டாலருக்கு மேல். இந்த இரண்டு விலைகளுக்கும் இடையிலே கிடப்பதுதான் ஆலை, மின்சாரம், பொறியாளர் சம்பளம், வங்கி வட்டி, ஒரு நகரம், அந்நகரத்தின் பள்ளிக்கூடங்கள். அவையெல்லாம் கீழே முளைத்தன. மலைக்குக் கிடைத்தது வெட்டுக்கூலி.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கினி நினைவுக்கு வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலே, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முஸ்லிம்களாக உள்ள நாடு. உலகிலேயே மிகப் பெரிய பாக்சைட் இருப்பு அங்கேதான். 1958இல் பிரான்சின் தெ கோல் நடத்திய வாக்கெடுப்பில், பிரெஞ்சுக் குடியேற்றங்களுள் 'வேண்டாம்' என்று சொல்லி உடனே விடுதலை பெற்ற ஒரே நாடும் அதுதான். செக்கு தூரே ஆட்சிக்கு வந்து, 1984இல் இறக்கும்வரை சோசலிசம் பேசி, எல்லைகளையும் சந்தையையும் இறுக்கிப் பிடித்தார். என் நண்பர் சொல்லும் 'சாத்திய கதவு' என்றால் அதுதான். ஆனால் அந்த இறுக்கத்தின் நடுவிலேயே 1973 முதல் கம்சார் துறைமுகத்திலிருந்து பாக்சைட் கப்பலேறியது. மனிதர்களுக்கும் சில்லறை வணிகத்துக்கும் சாத்திய கதவு கனிமத்துக்குத் திறந்தே இருந்தது! தூரேக்குப் பின் வந்தவர்கள் மற்றக் கதவுகளையும் திறந்தார்கள். நபருக்கு ஆண்டு வருமானம் இன்றும் 1,500 டாலரைச் சுற்றியே நிற்கிறது.

அந்த மண் எங்கே போகிறது? பெரும்பகுதி சீனாவுக்கு. ஒரு பகுதி சில ஆண்டுகள் அபுதாபிக்குப் போனது. ஐக்கிய அரபு அமீரகத்தில் பாக்சைட் ஒரு கூடைகூடக் கிடையாது. இயற்கை எரிவாயுவும் முதலீடும் உண்டு. 1979இலேயே துபாயில் அலுமினிய உருக்காலை தொடங்கிவிட்டார்கள். 2019இல் அல் தவீலாவில் அலுமினா சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. கினியில் அமீரக நிறுவனத்துக்குச் சொந்தமான சுரங்கமும் அதே ஆண்டு ஏற்றுமதியைத் தொடங்கியது. அமீரகத்தில் நபர் வருமானம் ஏறத்தாழ 50,000 டாலர். இரண்டும் முஸ்லிம் நாடுகள். இரண்டும் ஒரே பொருளால், ஒரே கடலால் இணைந்தவை. வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் இடையே முப்பது மடங்கு வேறுபாடு. கொல்லிமலையும் மேட்டூரும் இன்னும் பெரிதாக வரையப்பட்டது போலத்தான் இருக்கிறது.

கினி அரசு 2024 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் ஏற்றுமதியை நிறுத்தியது. 2025இல் உரிமத்தையே பறித்துக்கொண்டது. எங்கள் மண்ணிலேயே சுத்திகரிப்பு ஆலை கட்டுவதாகச் சொன்னீர்கள், கட்டவில்லை என்பது அரசு சொன்ன காரணம். ராணுவ ஆட்சி செய்த காரியம், அதில் அரசியல் கணக்குகளும் இருக்கும். அதற்காகக் கேள்வி தவறாகிவிடாது.

'முஸ்லிம் நாடுகள்' என்று ஒரே மூச்சில் சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும் என்பது என் எண்ணம். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் 57 உறுப்பு நாடுகள் உள்ளன. 2023ஆம் ஆண்டுக் கணக்கில் கத்தாரின் நபர் வருமானம் 80,000 டாலர் அளவு. நைஜருக்கு 600 டாலர் அளவு. இந்த ஓர் அமைப்புக்குள் இருக்கும் இடைவெளியே அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் உள்ளதைவிடப் பன்மடங்கு. இத்தனை அகலமான ஒன்றை ஒரே காரணத்தால் விளக்கப் புகுவது, தொல்காப்பியத்தையும் திரைப்பாடலையும் 'தமிழ் நூல்' என்று ஒரே அலமாரியில் அடுக்குவது போல.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க முட்டையே போதும். நாமக்கல்லில் நாளொன்றுக்கு ஐந்து கோடிக்கு மேல் முட்டை. அதில் ஒரு பகுதி ஓமனுக்கும் கத்தாருக்கும் அமீரகத்துக்கும் கப்பலேறுகிறது. 2024 டிசம்பரில் ஓமன் புதிய இறக்குமதி அனுமதிகளை நிறுத்திவிட, போன முட்டைகள் துறைமுகத்தில் தேங்கின. கத்தாரோ சிறிய முட்டை வேண்டாமென்று எடை வரம்பு விதித்தது. நாடாளுமன்றம் வரை பேச்சு போயிற்று. இந்த வணிகத்தில் பணக்கார நாடு எது, ஏழைப் பக்கம் எது? கதவைத் திறப்பதும் சாத்துவதும் யார் கையில் இருந்தது? வளைகுடாவில் உட்கார்ந்திருப்பவருக்கு நாமக்கல் ஒரு கொல்லிமலை.

'திறப்பு' என்பதை அளப்பதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. பொருளியலார் பொதுவாக ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டி, நாட்டின் மொத்த உற்பத்தியால் வகுக்கிறார்கள். அந்தக் கணக்கில் மலேசியா 130 விழுக்காட்டை ஒட்டி வரும்; அமெரிக்கா 25. அமெரிக்காவை மூடிய நாடு என்போமா? அது பெரிய நாடு, தனக்குள்ளேயே வாங்கி விற்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு போகிறது, வருகிறது என்பதைச் சொல்லும் எண், என்ன போகிறது என்பதைச் சொல்வதில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். துருக்கியரான பொருளியல் வரலாற்றாளர் தைமூர் குரான் 2011இல் வெளிவந்த தம் நூலில், மத்திய கிழக்கு பின்தங்கியதற்கு அங்கிருந்த சட்ட அமைப்பைக் காரணமாகக் காட்டுகிறார். கூட்டாளி ஒருவர் இறந்தால் வணிகக் கூட்டு கலைந்துவிடும். சொத்து பல வாரிசுகளுக்குப் பிரிந்துவிடும். வக்ஃபுக்கு எழுதிய சொத்தை வேறு வழியில் பயன்படுத்த முடியாது. எனவே ஐரோப்பாவில் தோன்றியது போலத் தலைமுறை தாண்டி நிற்கும் பெருநிறுவனங்கள் அங்கே உருவாகவில்லை என்பது அவர் வாதம். நம்பிக்கையை அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஒரு காலத்துக்கு நன்றாகவே பொருந்திய சட்டம் பிற்காலத்தில் மாறாமல் நின்றுவிட்டது என்கிறார். இதில் உண்மை இல்லையென்று தள்ள எனக்குத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை.

ஆனால் குறைவாகப் பேசப்படும் இன்னொரு பக்கம் உண்டு. 1838இல் பிரிட்டன் உதுமானியப் பேரரசோடு பால்டா லிமான் உடன்படிக்கை செய்துகொண்டது. அரசின் ஏகபோகங்கள் ஒழிந்தன. வெளிச்சரக்குக்கு வரி 5 விழுக்காடு. உள்நாட்டுச் சரக்கு வெளியே போக 12 விழுக்காடு. உள்ளே வருவதற்குக் குறைந்த வரி, வெளியே போவதற்கு மிகுந்த வரி! பிரிட்டிஷ் வணிகர் ஒரு தடவை கட்டிவிட்டால் போதும், உள்ளூர் வணிகர் ஊருக்கு ஊர் உள்நாட்டுத் தீர்வை கட்ட வேண்டியிருந்தது. அதே பிரிட்டன் தன் தானியச் சந்தையை 1846 வரை சட்டம் போட்டுக் காத்துக்கொண்டது. இதற்குப் பெயர் மூடிய பொருளாதாரம் என்றால், நான் படித்த அகராதிகளை மாற்றத்தான் வேண்டும். அதற்கும் முன்பு, நம் காயலுக்கு ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்ததை மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். இந்துமாக்கடலைத் திறந்த சந்தையாக வைத்திருந்தவர்களின் வழிவந்தோரிடம் 'வணிகத்துக்குத் திறக்கத் தெரியாதவர்கள்' என்று சொல்வது வேடிக்கையாக இருக்கிறது.

அப்படியானால் மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள்? மலேசியாவைப் பார்க்கலாம். நம் சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணிகளின் வழியே கப்பலேறியவர்கள் பால்வெட்டிய ரப்பர், மூலப்பொருளாகவே லண்டனுக்குப் போன காலத்தை மலேசியத் தமிழ் இலக்கியம் வாசிப்போர் அறிவர். எழுபதுகளில் அந்நாடு இரண்டு காரியங்கள் செய்தது. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தீர்வையற்ற தொழில் வட்டாரம் அமைத்து மின்னணு ஆலைகளை அழைத்தது. கச்சாப் பாமாயிலை அப்படியே ஏற்றுமதி செய்தால் வரி மிகுதி, சுத்திகரித்து அனுப்பினால் குறைவு என்று விதித்தது. சுத்திகரிப்பு ஆலைகள் உள்நாட்டிலேயே முளைத்தன. அகலத் திறந்த நாடுதான், ஆனால் எந்தச் சரக்கு எந்த நிலையில் வெளியேறலாம் என்பதைத் தானே முடிவு செய்தது. இன்று நபர் வருமானம் 11,000 டாலருக்கு மேல். (அந்தத் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது லயத்து வீடுகளிலிருந்து வெளியேறிய தமிழர்களுக்கு அதில் என்ன பங்கு கிடைத்தது என்பது வேறொரு கட்டுரை. நாட்டுக்குள்ளேயும் மலை, அடிவாரம் உண்டு.)

இந்தோனேசியா இதையே கடுமையாகச் செய்தது. சுத்திகரிக்காத நிக்கல் தாது நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று 2014இல் தடை போட்டு, பின்பு தளர்த்தி, 2020 ஜனவரியில் மீண்டும் பூட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வணிக அமைப்பில் வழக்கிட்டது, 2022இல் தீர்ப்பு இந்தோனேசியாவுக்கு எதிராக வந்தது, மேல்முறையீட்டுக்குப் போனார்கள். இதற்கிடையே சுலாவெசித் தீவில் உருக்காலைகள் எழுந்துவிட்டன. பெரும்பாலும் சீன முதலீடு, நிலக்கரி மின்சாரம், அழியும் காடு. கொண்டாடுவதற்கில்லை. ஆனால் பேரம் பேசும் இடத்துக்கு அந்நாடு வந்திருக்கிறது என்பதை மறுக்க இயலாது.

வங்கதேசத்தின் வழி வேறு. கனிமம் இல்லை, எண்ணெய் இல்லை. தையல் இயந்திரத்தின் முன்னால் உட்காரப் பெண்கள் இருந்தார்கள். ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆயத்த ஆடை. 2023இல் நபர் வருமானம் ஏறத்தாழ 2,500 டாலர், பாகிஸ்தானுக்கு 1,400. 1971இல் இரண்டும் பிரிந்தபோது இப்படி ஆகுமென்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். மதம் இரண்டுக்கும் ஒன்றே. திருப்பூர்க்காரர்களைக் கேட்டால், ஐரோப்பாவில் வங்கதேச ஆடைக்குச் சுங்கம் இல்லை, நமக்கு உண்டு என்று சலித்துக்கொள்வார்கள், அதுவும் உண்மைதான். 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டதும் இதே திறப்பின் கணக்கில் எழுதப்பட வேண்டியது. முடிந்த பொருளை விற்றார்கள். ஆனால் விலையை வாங்குகிறவன் சொன்னான்.

விலையை யார் சொல்வது என்பதுதான் கொல்லிமலையில் கிழங்கின் கதையும். மரவள்ளியை மாவுச்சத்துப் 'பாயிண்ட்' பார்த்துத்தான் ஆலையில் வாங்குகிறார்கள். இத்தனை பாயிண்ட் என்றால் டன்னுக்கு இத்தனை ரூபாய். "பாயிண்ட் அவங்க சொல்றதுதான் சார். லாரி கீழ போயிடுச்சு, திருப்பியா ஏத்திட்டு வர முடியும்?" என்றார் மாணவியின் தந்தை.

இந்தச் சேகோ ஆலைகளே ஒரு மூடிய கதவின் பிள்ளைகள் என்பது எனக்கு வியப்பளிக்கும் செய்தி. ஜவ்வரிசி நமக்கு முன்பு மலாயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 'ஜாவா அரிசி'தான் ஜவ்வரிசி ஆயிற்று என்று சொல்வாரும் உண்டு. சொற்பிறப்பு எதுவாயினும் சரக்கு வந்த வழி அதுவே. இரண்டாம் உலகப்போரில் அந்த வழி அடைபட்டது. 1943இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த தொழில் தெரிந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து இங்கேயே கிழங்கு மாவு எடுக்கத் தொடங்கினார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. போர் கதவைச் சாத்தாமல் இருந்திருந்தால் இந்தத் தொழில் இங்கே வேர் பிடித்திருக்குமா? மலையின் பக்கம் நின்று பார்த்தால் அதே தொழில்தான் சாமையையும் தினையையும் கேழ்வரகையும் வரப்புக்கு வெளியே தள்ளிற்று. பணப்பயிர் வந்தது, உண்ணும் பயிர் போனது, ரேஷன் அரிசி அந்த இடத்தை நிரப்பியது.

மிளகும் அப்படியே. 2014–16இல் கிலோ 600 ரூபாய்க்கு மேல் விற்றது, 2019–20இல் ஏறத்தாழ பாதியாயிற்று. இடையே வியட்நாம் மிளகு, இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் நிழலில் இலங்கை வழியாகவும் இறங்கியது. 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு இறக்குமதியாகக் கூடாது என்று தில்லி உத்தரவிட்டும் வீழ்ச்சி உடனே நிற்கவில்லை. மிளகு விளைவிக்கும் நாடுகளின் கூட்டமைப்பை 1972இல் தொடங்கியவை இந்தியா, இந்தோனேசியா, மலேசியா, தலைமையகம் ஜகார்த்தாவில். சரவாக்கில் மிளகுக்கொடி வைத்திருப்பவரும் கொல்லிமலையில் சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏற்றியிருப்பவரும் ஒரே விலையைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள். என் நண்பரின் பிரிவினையில் இவர்கள் இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்க வேண்டியவர்கள்.

மலையில் நான் பார்த்த ஒன்று மட்டும் வேறு திசையில் இருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தின் முயற்சியால் சில ஊர்களில் சாமையை உமி நீக்கும் சிறு ஆலைகள் வைத்தார்கள். உரலில் மணிக்கணக்காக இடித்த பெண்களின் தோள்வலிக்கு விடுதலை. தானியமாக விற்காமல் அரிசியாக விற்கவும் வழி. உலகம் 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியபோது சென்னை அங்காடிகளில் சாமைக்கு வந்த விலையில் முழுப்பங்கு மலைக்கு வந்துவிடவில்லை. ஆலையும் சிறியது, விளையும் பரப்பும் சுருங்கிவிட்டது. ஆயினும் உமி மலையிலேயே நின்றது, மாட்டுக்கு ஆயிற்று. கினி கேட்ட சுத்திகரிப்பு ஆலைக்கும் இந்தச் சாமை ஆலைக்கும் அளவில்தான் வேறுபாடு என்று தோன்றியது.

மாலையில் கிளம்பும்போது, கினியைப் பற்றி நான் சொன்னதை மாணவியின் தந்தை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார் போலும். "அந்த ஊருலயும் மண்ணு எறக்க ரோடு போட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

"ரயிலே போட்டிருக்காங்க. நூறு கிலோமீட்டருக்கு மேல, சுரங்கத்துலருந்து துறைமுகம் வரைக்கும்" என்றேன்.

"அதுல ஆளுங்க ஏறலாமா?" என்றார்.